கெர்னல் ஷெட்யூலரில் ரேஸ் கண்டிஷன்களைக் கண்டறிந்து திருத்துவது எப்படி

ஒரு ப்ராசஸ் எதற்காகக் காத்திருந்ததோ அது நடந்து முடிந்த பிறகும் விழிக்காமல் கிடக்கிறது. அல்லது பல மணி நேரம் ஒழுங்காக ஓடிய கெர்னல், தொடர்பே இல்லாத ஓர் இடத்தில் ஸ்டாக் சிதைந்து நின்றுவிடுகிறது. எந்த ப்ராசஸ் எப்போது எந்த சிபியுவில் ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலரில் ரேஸ் கண்டிஷன் (இரண்டு வேலைகள் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழை) இருப்பது பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. உடனே கை போவது லாக்கின் பக்கம்: சந்தேகத்துக்குரிய நான்கு வரிகளைச் சுற்றி ஒரு ஸ்பின்லாக்கைப் போட்டு, பிழை மறைகிறதா என்று பார்ப்பது. கெர்னலின் மற்றப் பகுதிகளில் இது பல நேரம் பலிக்கும். ஷெட்யூலரில் இதை நம்பக் கூடாது. இங்கே லாக்கை எடுக்கும் ப்ராசஸ் ஒன்று, அதை விடுவிக்கும் ப்ராசஸ் வேறொன்று. நடுவில் ஸ்டாக்கே மாறிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த வரிகளுக்குக் காவல் இருக்கிறதா என்று கேட்பதைவிட, இந்தத் தகவல் இந்தக் கணத்தில் யார் கையில் இருக்கிறது, அது அடுத்தவர் கைக்கு எந்த வரியில் போகிறது என்று கேட்பதுதான் விடையைத் தரும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

சி மொழியும் ஸ்பின்லாக்கும் இன்டரப்டும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தமாகச் சிறிய கெர்னல் எழுதுபவர்களுக்கும், எம்ஐடியின் எக்ஸ்வி6 என்ற பயிற்சிக் கெர்னலில் பயில்பவர்களுக்கும், லினக்ஸ் ஷெட்யூலரின் உள்ளே கைவைக்க வேண்டியவர்களுக்கும் இது பொருந்தும்.

அறிகுறியிலிருந்து வகையை ஊகித்தல்

ஷெட்யூலர் ரேஸ்கள் எண்ணற்றவை போலத் தோன்றினாலும் பெரும்பாலானவை சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறிகுறி உண்டு. ஒரே ஒரு ப்ராசஸ் உறக்க நிலையில் நிரந்தரமாகத் தங்கிவிட, மற்ற அனைத்தும் நன்றாக ஓடினால், எழுப்பும் அழைப்பு தவறிப்போயிருக்கிறது. லினக்ஸில் இன்டரப்ட் செய்ய முடியாத உறக்கத்தில் ஒரு ப்ராசஸ் 120 விநாடிக்கு மேல் அசையாமல் இருந்தால், இயல்பு அமைப்பிலேயே, ஹங் டாஸ்க் கண்காணிப்பு அதன் ஸ்டாக்கை லாகில் எழுதிவிடும். அந்த எச்சரிக்கை வந்ததும் தேட வேண்டிய முதல் குடும்பம் இதுதான். ஆனால் சிக்னலால் எழுப்பக்கூடிய சாதாரண உறக்கத்தை அந்தக் கண்காணிப்பு கண்டுகொள்ளாது என்பதால், எச்சரிக்கை வராததை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பும் முகவரிகள் குப்பையாக மாறுவது, ஒரு ஃபங்ஷனின் உள்ளூர் மாறிகள் காரணமின்றி வேறு மதிப்பாவது ஆகியவை ஒரே ப்ராசஸ் ஒரே நேரத்தில் இரண்டு சிபியுக்களில் ஓடியதற்கான அடையாளங்கள். ஓடத் தயாராக உள்ள ப்ராசஸ்களின் வரிசையான ரன் கியூவின் பட்டியல் தன்னைத்தானே சுற்றி முடிவில்லாமல் ஓடினால், ஒரு ப்ராசஸ் இருமுறை சேர்க்கப்பட்டிருக்கிறது. எதுவும் நிற்காமல், கணினியின் சுமையைக் காட்டும் லோடு ஆவரேஜ் போன்ற எண்கள் மட்டும் அபத்தமாகிக்கொண்டே போனால், எங்கோ ஓர் எழுத்து இன்னோர் எழுத்தை அழித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கடைசி வகையைப் பலர் சிறு குறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அதுதான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய வகை. கெர்னல் விழாமல் இருப்பதால், விசாரிக்க நமக்கு நேரம் கிடைக்கிறது.

முதலில் உரிமைப் பட்டியல்

கோடைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்து, ப்ராசஸின் விவரக் கட்டமைப்பில் ஷெட்யூலர் தொடும் ஒவ்வொரு ஃபீல்டையும் எழுத வேண்டும்: அதன் நிலை, அது ரன் கியூவில் இருக்கிறதா, ஏதாவது ஒரு சிபியுவில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா, எந்த சிபியுவின் ரன் கியூவுக்கு உரியது, பட்டியலில் முன்னும் பின்னும் சுட்டும் பாயிண்டர்கள், சேமிக்கப்பட்ட ரெஜிஸ்டர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்கள் வர வேண்டும்: யார் யார் எழுதலாம், எந்த லாக்கைப் பிடித்தபடி எழுதலாம், லாக் இல்லாமல் படிப்பவர்கள் யார்.

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் பெரும்பாலும் பிழை வெளிப்படும். எக்ஸ்வி6 ஷெட்யூலரில் பட்டியல் எளிதாக முடிந்துவிடும்: ரிஸ்க்-வி செயலிக்கான பதிப்பில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு தனி லாக் உண்டு, நிலையைத் தொடும் எவரும் அதைப் பிடித்தாக வேண்டும். லினக்ஸில் அவ்வளவு எளிதல்ல. ரன் கியூ ஒவ்வொன்றுக்கும் ஒரு லாக், ப்ராசஸ் ஒவ்வொன்றுக்கும் எழுப்புதலை வரிசைப்படுத்தும் இன்னொரு லாக் என இரண்டு இருக்கின்றன. தன் நிலையை உறக்கமாக மாற்றிக்கொள்ளும் ப்ராசஸ் இந்த இரண்டில் எதையுமே பிடிப்பதில்லை. "சிபியுவில் இருக்கிறது" என்ற ஃபீல்டோ எந்த லாக்கின் கீழும் முழுமையாக வராமல், கைமாற்றத்தின் வரிசையால் மட்டுமே காக்கப்படுகிறது. லாக்கால் காக்கப்படுவது எது, வரிசையால் காக்கப்படுவது எது என்று பட்டியலில் வெவ்வேறு நிறத்தில் குறித்துவிடுங்கள். இரண்டாவது நிறத்தில் இருப்பவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை.

தவறிப்போன எழுப்பல்

இந்தக் குடும்பத்தை நெருக்கமாகப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் மற்றப் பல ரேஸ்களின் எலும்புக்கூடும் இதுவே. ப்ராசஸ் அ தரவுக்காகக் காத்திருக்கிறது. ப்ராசஸ் ஆ அந்தத் தரவைக் கொண்டுவந்து அ-வை எழுப்ப வேண்டும்.

சிபியு 0, அ: தரவு வந்ததற்கான கொடியைப் பார்க்கிறது, அது 0.
சிபியு 1, ஆ: தரவை வைத்துவிட்டுக் கொடியை 1 ஆக்குகிறது.
சிபியு 1, ஆ: அ-வை எழுப்ப வருகிறது, அ-வின் நிலை "ஓடுகிறது" என்றே இருப்பதால் வேலை இல்லை என்று திரும்பிவிடுகிறது.
சிபியு 0, அ: தன் நிலையை "உறக்கம்" என்று மாற்றி ஷெட்யூலரை அழைக்கிறது.

இனி அ-வை எழுப்ப யாரும் வரமாட்டார்கள். திருத்தத்தின் முதல் பகுதி, வரிகளின் வரிசையை மாற்றுவது: அ முதலில் தன் நிலையை உறக்கம் என்று மாற்ற வேண்டும், அதன் பிறகே கொடியைப் பார்க்க வேண்டும், கொடி இன்னும் 0 என்றால் மட்டுமே ஷெட்யூலரை அழைக்க வேண்டும். நடுவில் ஆ வந்தால் நிலையை "ஓடுகிறது" என்று திருப்பிவிடும். அ ஷெட்யூலரை அழைத்தாலும் ரன் கியூவிலிருந்து நீக்கப்படாமல் திரும்பி வரும். விழித்த பின் கொடியை மறுபடியும் பார்க்கும் சுற்று ஒன்றும் வேண்டும், ஏனெனில் எழுப்பப்பட்டதே நிபந்தனை நிறைவேறியதற்கான உத்தரவாதம் ஆகாது.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிழை அரிதாகிறதே ஒழிய மறைவதில்லை. இப்போது அ செய்வது, நிலையை எழுதிக் கொடியைப் படிப்பது. ஆ செய்வது, கொடியை எழுதி நிலையைப் படிப்பது. ஒவ்வொரு சிபியுவும் தான் எழுதியதை உடனே நினைவகத்துக்கு அனுப்பாமல் தன் ஸ்டோர் பஃபரில் சிறிது நேரம் வைத்திருக்கும். அ-வின் எழுத்து சிபியு 0-இன் பஃபரிலும், ஆ-வின் எழுத்து சிபியு 1-இன் பஃபரிலும் இருக்கும்போதே இருவரும் படித்துவிட்டால், இருவருக்குமே பழைய மதிப்புதான் கிடைக்கும்: அ கொடியை 0 என்று காண்கிறது, ஆ நிலையை "ஓடுகிறது" என்று காண்கிறது, கதை பழையபடி முடிகிறது. "எங்கள் கெர்னல் எக்ஸ்86-இல் மட்டுமே ஓடுகிறது, அங்கே வரிசை கண்டிப்பானது" என்பது இதற்குப் பதிலாகாது. எக்ஸ்86 சாதாரண நினைவகத்தில் அனுமதிக்கும் வரிசை மாற்றம், முன்னால் எழுதியதை வேறு முகவரியிலிருந்து பின்னால் படித்தது முந்திக்கொள்வதுதான். நமக்கு வேண்டாத வரிசை மாற்றமும் அதுவே.

ஆகவே எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் முழு மெமரி பேரியர் (அதற்கு முன் உள்ள எழுத்தையும் படிப்பையும் பின் உள்ளவை முந்தவிடாத கட்டளை) வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். ஒரு திசையில் மட்டும் வரிசையைக் காக்கும் அக்வயர், ரிலீஸ் என்ற மென்மையான இணை இங்கே போதாது; அவை இந்த வரிசை மாற்றத்தைத் தடுப்பதில்லை. லினக்ஸில் நிலையை மாற்றுவதற்கென்று உள்ள மேக்ரோ இரண்டு வடிவங்களில் இருப்பதன் காரணமும் இதுதான்: முன்னால் அடிக்கோடு இல்லாத வடிவம் பேரியரைத் தன்னுள் கொண்டிருக்கிறது, இரட்டை அடிக்கோடு கொண்ட வடிவத்தில் அது இல்லை. எழுப்பும் ஃபங்ஷனும் நிலையைப் படிக்கும் முன் தானே ஒரு முழு பேரியரைப் போடுகிறது. காத்திருப்போர் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று லாக் இல்லாமல் பார்த்து, காலி என்றால் எழுப்பும் அழைப்பையே தவிர்க்கும் மேம்படுத்தலை யாராவது சேர்த்திருந்தால் அந்த வரியைச் சிறப்பாகச் சோதியுங்கள். அந்தப் படிப்பு, எழுப்பும் ஃபங்ஷனின் பேரியருக்கு வெளியே நடப்பதால், அதற்கென்று தனியாக ஒரு முழு பேரியர் இல்லாமல் அந்த மேம்படுத்தல் சரியாகாது.

சொந்த கெர்னல் எழுதுபவர்களுக்கு இதே இடத்தில் இன்னொரு கண்ணி உண்டு. அ தன் நிலையை உறக்கம் என்று மாற்றிவிட்டது, கொடியை இன்னும் பார்க்கவில்லை; அந்தக் கணத்தில் டைமர் இன்டரப்ட் வந்து, ஓடும் ப்ராசஸைக் கேட்காமலே நிறுத்தும் ப்ரீஎம்ப்ஷன் வழியாக ஷெட்யூலர் அழைக்கப்படுகிறது. ஷெட்யூலர் நிலையைப் பார்க்கிறது, உறக்கம் என்றிருக்கிறது, ரன் கியூவிலிருந்து நீக்கிவிடுகிறது. கொடி முன்பே 1 ஆகியிருந்தால் அதைப் பார்க்கும் வாய்ப்பே அ-வுக்குக் கிடைக்காது. ஷெட்யூலருக்குள் வரும் இரண்டு வழிகளையும் பிரித்தறிவதே திருத்தம்: ப்ராசஸ் தானாக அழைத்தால் நிலையைப் பார்த்து நீக்கலாம், ப்ரீஎம்ப்ஷன் வழியாக வந்தால் நிலை என்னவாக இருந்தாலும் ரன் கியூவிலேயே விட வேண்டும். லினக்ஸும் இப்படித்தான் செய்கிறது. அதேபோல் நிலையை மாற்றிய பின், ஷெட்யூலரை அழைக்கும் முன், ம்யூடெக்ஸ் எடுப்பது போன்ற, தானே உறங்கக்கூடிய எதையும் அழைக்கக் கூடாது. அந்த உள் உறக்கம் முடியும்போது நிலை "ஓடுகிறது" என்று மாறிவிடும். லினக்ஸின் அட்டாமிக் ஸ்லீப் சோதனையை இயக்கி வைத்தால் இத்தகைய அழைப்புகளை அது சுட்டிக்காட்டும்.

எக்ஸ்வி6 இதே சிக்கலைப் பேரியர்களைப் பற்றிப் பேசாமலேயே தீர்க்கிறது. உறங்கும் ஃபங்ஷன், நிபந்தனையைக் காக்கும் லாக்கை விடுவதற்கு முன்பே ப்ராசஸின் லாக்கை எடுத்துவிடுகிறது. எழுப்புபவரும் நிலையைப் பார்க்க அதே லாக்கை எடுத்தாக வேண்டும் என்பதால், எந்தக் கணத்திலும் இரண்டில் ஒரு லாக்காவது உறங்கப்போகிறவரிடம் இருக்கிறது, இடைவெளி விழுவதில்லை. வேகம் முதன்மையல்லாத கெர்னலுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

ஒரு ஸ்டாக், இரண்டு சிபியு

உறங்கப்போகும் ப்ராசஸ், தன் நிலையை உறக்கம் என்று மாற்றி, ரன் கியூவிலிருந்து விலகி, லாக்கை விட்டுவிட்டுப் பிறகு கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் (தன் ரெஜிஸ்டர்களைச் சேமித்துவிட்டு அடுத்த ப்ராசஸுக்குச் சிபியுவைத் தருவது) செய்தால் என்ன ஆகும்? லாக்கை விட்டதற்கும் ரெஜிஸ்டர்களைச் சேமித்து முடிப்பதற்கும் இடையில் இன்னொரு சிபியு அதை எழுப்பி, ரன் கியூவில் போட்டு, அதன் பழைய ரெஜிஸ்டர்களை ஏற்றி ஓடத் தொடங்கலாம். அந்த நேரத்தில் முதல் சிபியு இன்னும் அதே கெர்னல் ஸ்டாக்கின் மேல்தான் நிற்கிறது. இரண்டு சிபியுக்களும் ஒரே ஸ்டாக்கில் திரும்பும் முகவரிகளை எழுதுகின்றன. விபத்து வெளிப்படும் இடத்துக்கும் அதன் காரணத்துக்கும் எந்தத் தொடர்பும் தெரியாது என்பதால், ஸ்டாக் சிதைவைப் பின்னோக்கித் துரத்துவது வீண் வேலை; ஸ்விட்ச் பாதையை உட்கார்ந்து படிப்பதே விரைவான வழி.

எக்ஸ்வி6-இன் விதி: ப்ராசஸின் லாக்கைப் பிடித்தபடியே ஸ்விட்ச் செய்ய வேண்டும், ஸ்விட்ச் முடிந்து வேறு ஸ்டாக்குக்கு வந்த பிறகு, அங்கே ஓடும் ஷெட்யூலர் சுற்று அதை விடுவிக்க வேண்டும். புதிதாகப் பிறந்த ப்ராசஸ் முதல்முறை ஓடும்போது, ஸ்விட்ச்சிலிருந்து திரும்பி வருவதற்கென்று அதற்கு ஒரு பழைய அழைப்பு கிடையாது. அதனால் அதன் தொடக்க ஃபங்ஷனே லாக்கை விடுவிக்க வேண்டும். இந்த ஒரு வரியை மறந்துவிட்ட சொந்த கெர்னல்கள் முதல் ஃபோர்க்கிலேயே உறைந்துபோகும். ஸ்விட்ச் செய்யும் ஃபங்ஷனின் வாசலில் எக்ஸ்வி6 வைத்திருக்கும் நான்கு சோதனைகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ப்ராசஸின் லாக் கையில் இருக்க வேண்டும், அதைத் தவிர வேறு லாக் இருக்கக் கூடாது, நிலை "ஓடுகிறது" என்று இருக்கக் கூடாது, இன்டரப்ட்கள் அணைந்திருக்க வேண்டும்; ஒன்று தவறினாலும் கெர்னலை நிறுத்திவிட வேண்டும்.

இதே விதி, முடிவுக்கு வரும் ப்ராசஸையும் காக்கிறது. எக்ஸிட் செய்யும் பிள்ளை ப்ராசஸ், ஸோம்பி (முடிந்துவிட்டது, தாய் ப்ராசஸ் இன்னும் விடுவிக்கவில்லை) என்று தன் நிலையை எழுதிய பிறகும் இன்னும் சிறிது நேரம் தன் ஸ்டாக்கிலேயே ஓட வேண்டியிருக்கிறது. தாய் ப்ராசஸ் அந்த நிலையைக் கண்டவுடன் அந்த இடத்தை விடுவித்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக் வேறொரு ப்ராசஸுக்குப் போய்விடும். பிள்ளையின் லாக் ஸ்விட்ச் முடியும்வரை பிடிபட்டிருப்பதாலும், தாய் அந்த லாக்கை எடுத்த பிறகே நிலையைப் பார்ப்பதாலும் அது நிகழ்வதில்லை.

லினக்ஸ் வேறு வழியில் போகிறது. ஸ்விட்ச்சை முடித்துவைக்கும் அடுத்த ப்ராசஸ், முந்தைய ப்ராசஸின் "சிபியுவில் இருக்கிறது" ஃபீல்டை ரிலீஸ் வரிசையுடன் 0 ஆக்கும். எழுப்புபவர் அந்த ஃபீல்டை அக்வயர் வரிசையுடன் படித்து, 0 ஆகும்வரை காத்திருந்து, அதன் பிறகே ப்ராசஸை வேறொரு சிபியுவுக்குக் கொண்டுபோகலாம். அந்த ஒரு எழுத்துதான் கைமாறும் கணம். அதற்கு முன் ப்ராசஸின் விவரங்கள் பழைய சிபியுவுக்குச் சொந்தம். பின்னர் எழுப்புபவருக்குச் சொந்தம்.

கைமாற்றம் முடியும் முன்பே எழுதினால்: ஒரு நிஜ நிகழ்வு

எழுப்புபவர் சுழன்று காத்திருப்பது வீண் என்பதால், லினக்ஸ் 5.8-இல் ஒரு மேம்படுத்தல் வந்தது: ப்ராசஸ் இன்னும் பழைய சிபியுவில் இருந்தால், காத்திருக்காமல், எழுப்ப வேண்டிய கோரிக்கையை அந்தச் சிபியுவின் காத்திருப்புப் பட்டியலிலேயே போட்டுவிட்டுப் போகலாம். கருத்து சரியானது. ஆனால் பட்டியலில் போடும் முன் அந்தப் பாதை, தொலைவிலிருந்து எழுப்பப்பட்டது என்பதைக் குறிக்கும் ஒரு பிட்டை ப்ராசஸின் கட்டமைப்பில் எழுதியது. அதே வேளையில் பழைய சிபியு, ஷெட்யூலருக்குள் நின்றபடி, லோடு கணக்கில் இந்த ப்ராசஸ் சேருமா என்பதைக் குறிக்கும் இன்னொரு பிட்டை எழுதிக்கொண்டிருந்தது. இரண்டும் பிட்ஃபீல்டுகள், இரண்டும் ஒரே வேர்டில் இருந்தன. பிட்ஃபீல்டு ஒன்றை எழுதுவது என்றால் முழு வேர்டையும் படித்து, ஒரு பிட்டை மாற்றி, முழு வேர்டையும் திரும்ப எழுதுவது. ஆகவே ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிட முடியும். சில ஏஆர்எம்64 கணினிகளில் லோடு ஆவரேஜ் தாறுமாறாகப் போனதன் காரணம் இதுவே. 2020 நவம்பரில் திருத்தம் வந்தது: அந்தப் பிட்டைத் தனி வேர்டுக்கு மாற்றியதுதான் அது.

இந்த நிகழ்வில் நான் மதிப்பது, திருத்தத்தின் சிறிய அளவையும் அதற்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சியின் ஆழத்தையும்தான். மேம்படுத்தலுக்கு முன் அந்த இரண்டு எழுத்துகளையும் வரிசைப்படுத்தியது, "சிபியுவில் இருக்கிறது" ஃபீல்டின் கைமாற்றம். அதைச் சொல்லும் லாக் எதுவும் கோடில் கிடையாது. கைமாற்றத்துக்கு முன்பே எழுத அனுமதித்த அந்த மாற்றம், கண்ணுக்குத் தெரியாத அந்தக் காவலை நீக்கிவிட்டது. உரிமைப் பட்டியலில் வரிசையால் காக்கப்படுவது என்று அந்தப் பிட் குறிக்கப்பட்டிருந்தால், மாற்றத்தைப் பரிசீலிக்கும்போதே அது கண்ணில் பட்டிருக்கும். பிட்ஃபீல்டுகளைப் பட்டியலிடும்போது எந்தெந்தப் பிட்கள் ஒரே வேர்டைப் பகிர்கின்றன என்பதையும் எழுத வேண்டியது இதனால்தான்.

லாக் இருந்தும் போதாத இடங்கள்

ஒரு ப்ராசஸின் ரன் கியூவை லாக் செய்ய, முதலில் அது எந்த ரன் கியூவில் இருக்கிறது என்று படிக்க வேண்டும். படித்ததற்கும் லாக் கிடைத்ததற்கும் இடையில் அது வேறு சிபியுவுக்கு இடம்பெயர்ந்திருக்கலாம். ஆகவே லாக்கை எடுத்த பின் மறுபடியும் படித்து, இன்னும் அதே ரன் கியூதானா, இடப்பெயர்ச்சியின் நடுவில் இல்லையா என்று சரிபார்த்து, இல்லையென்றால் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும் சுற்று தேவை. இரண்டு ரன் கியூக்களை ஒன்றாகப் பிடிக்க வேண்டிய லோடு பேலன்ஸிங்கில், எப்போதும் ஒரே நிலையான வரிசையில் பிடிக்க வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு முந்தைய இன்னொன்று தேவைப்பட்டால் கையில் இருப்பதை விட்டுவிட்டு மீண்டும் எடுக்க வேண்டும். விட்ட அந்த இடைவெளியில் உலகம் மாறியிருக்கும் என்பதால், முன்பு பார்த்த எந்த நிபந்தனையையும் நம்பாமல் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். இந்த மறுபார்வையை விட்டுவிடுவது, நான் படித்த ஷெட்யூலர் கோடுகளில் அடிக்கடி காணும் குறை. இன்டரப்ட் ஹேண்ட்லரும் ப்ராசஸ்களை எழுப்பும். ஆகையால் ரன் கியூ லாக்கை எங்கே பிடித்தாலும் அந்தச் சிபியுவில் இன்டரப்ட்களை அணைத்தே பிடிக்க வேண்டும்.

வேலையில்லாத சிபியு உறங்கப்போகும் இடமும் இதே எலும்புக்கூட்டைக் கொண்டதுதான். "மறுபடி ஷெட்யூல் செய்ய வேண்டுமா" என்ற கொடியைப் பார்த்துவிட்டு, இல்லையென்றதும் ஹால்ட் (அடுத்த இன்டரப்ட் வரும்வரை சிபியுவை நிறுத்திவைப்பது) செய்யும் கோடில், பார்த்ததற்கும் ஹால்ட்டுக்கும் இடையில் இன்டரப்ட் வந்து கொடியை ஏற்றிவிட்டால், அடுத்த இன்டரப்ட் வரும்வரை சிபியு உறங்கிவிடும். கொடியைப் பார்க்கும் முன் இன்டரப்ட்களை அணைக்க வேண்டும். ஆனால் அணைத்தபடியே ஹால்ட் செய்தால் விழிக்கவே முடியாது. எக்ஸ்86-இல் இதற்கு விடை வன்பொருளிலேயே இருக்கிறது: இன்டரப்ட்டைத் திறக்கும் எஸ்டிஐ கட்டளையின் விளைவு, அதற்கு அடுத்த கட்டளை முடியும்வரை தள்ளிப்போகும். அதனால் எஸ்டிஐக்கு ஒட்டியபடி, ஹால்ட் கட்டளையான ஹெச்எல்டியை வைத்தால் நடுவில் எதுவும் நுழைய முடியாது. இரண்டும் ஒரே அசெம்பிளி வரியில் இருக்க வேண்டும். தனித்தனி சி ஃபங்ஷன்களாக எழுதினால், கம்பைலர் இடையில் வேறொரு கட்டளையை வைத்து அந்தப் பாதுகாப்பைக் கெடுத்துவிடலாம்.

பிழையைத் திரும்ப நிகழச் செய்தல்

ஊகம் கிடைத்தபின், திருத்தத்துக்கு முன், பிழையை விரும்பியபோது நிகழச் செய்ய வேண்டும். ஊகத்தில் உள்ள இடைவெளியில், உதாரணமாக நிபந்தனையைப் பார்த்ததற்கும் நிலையை மாற்றியதற்கும் நடுவில், சில பத்து மைக்ரோவிநாடி வெற்றுச் சுழற்சியைச் சேர்ப்பதே நேரடியான வழி. ஊகம் சரியென்றால் நாட்களில் ஒருமுறை வந்த பிழை நிமிடங்களில் வரும். தாமதம் சேர்த்தும் அடிக்கடி வராவிட்டால், ஊகம் தவறு என்று ஏற்றுக்கொண்டு பட்டியலுக்குத் திரும்புவது நல்லது. ஸ்டோர் பஃபர் சார்ந்த ரேஸ்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே தாமதம் பஃபரைக் காலி செய்துவிட்டுப் பிழையை மறைக்கும்.

ஷெட்யூலருக்குள்ளிருந்து செய்திகளை அச்சிட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அச்சிடுவது நேர ஓட்டத்தை மாற்றும் என்பது ஒருபுறம் இருக்க, ரன் கியூ லாக் கையில் இருக்கும்போது அச்சிட்டால், கன்சோல் தொடர்பான பாதை வேறொரு ப்ராசஸை எழுப்ப முயன்று, அதே லாக்குக்காகக் காத்து, சிபியு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். லினக்ஸில் இதற்காகவே தள்ளிவைத்து அச்சிடும் வடிவம் ஒன்று இருக்கிறது. அதைவிட நல்லது, ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி ரிங் பஃபரில் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் லினக்ஸ் கருவியான எஃப்ட்ரேஸ். அதில் இயல்பான உள்ளூர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு சிபியுக்களின் நிகழ்வுகளை வரிசைப்படுத்தக் கூடாது. உலகளாவிய கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தவறிப்போன எழுப்பலுக்குப் பதிவில் தெளிவான தடம் உண்டு: எழுப்பும் ஃபங்ஷன் அழைக்கப்பட்டிருக்கும், ஆனால் எழுப்பத் தொடங்கியதைக் குறிக்கும் நிகழ்வு பதிவாகியிருக்காது, சற்றுப் பின்னர் அந்த ப்ராசஸ் உறக்க நிலையுடன் சிபியுவை விட்டு இறங்கியிருக்கும்.

கருவிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். 2006 முதல் லினக்ஸில் இருக்கும் லாக் சோதனைக் கருவியான லாக்டெப், லாக்குகளை எடுக்கும் வரிசையில் முரண்பாடு இருந்தால், டெட்லாக் உண்மையில் நிகழாதபோதும் சொல்லிவிடும். லாக்கே இல்லாத இடத்தைப் பற்றி அதற்குத் தெரியாது. அந்த இடத்துக்கு உரியது, 2020-இல் லினக்ஸ் 5.8-இல் சேர்ந்த, ரேஸ்களைக் கண்டறியும் கருவியான கேசிசான். அது அவ்வப்போது ஒரு முகவரியின் மீது காவல் வைத்து, இயல்பாக ப்ராசஸ் சூழலில் 80 மைக்ரோவிநாடியும் இன்டரப்ட் சூழலில் 20 மைக்ரோவிநாடியும் காத்திருந்து, வேறு யாராவது அதே முகவரியைத் தொடுகிறார்களா என்று பார்க்கும். ஷெட்யூலரில் இதைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: இரைச்சலையும் வேகக் குறைவையும் தவிர்க்க, ஷெட்யூலர் கோப்பகத்தின் மேக்ஃபைலில் (கெர்னலைக் கட்டும் விதிகள் உள்ள கோப்பில்) கேசிசான் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வரியை நீக்காமல் கெர்னலைக் கட்டிவிட்டு, அறிக்கை எதுவும் வரவில்லை என்று நிம்மதி கொள்வதில் பொருளில்லை.

திருத்தத்தைச் சரிபார்த்தல்

பேரியரைச் சேர்த்துத் திருத்தினால், அதன் இணை பேரியர் எந்தக் கோப்பில் எந்த ஃபங்ஷனில் இருக்கிறது என்பதையும், இரண்டும் சேர்ந்து எந்த வரிசை மாற்றத்தைத் தடுக்கின்றன என்பதையும் அருகிலேயே கமென்ட்டாக எழுத வேண்டும். இணை இல்லாத பேரியர் பெரும்பாலும் தவறான பேரியர். இணையை எழுத முயலும்போதே அது தெரிந்துவிடும். லாக் இல்லாமல் படிக்கும், எழுதும் ஃபீல்டுகளுக்கு, ரீட் ஒன்ஸ், ரைட் ஒன்ஸ் மேக்ரோக்களைப் போட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுக்குள் இருக்கும் படிப்பைக் கம்பைலர் வெளியே தூக்கிவிடக்கூடும். ஆனால் அவை சிபியுக்களுக்கு இடையிலான வரிசையைத் தருபவை அல்ல. கேசிசான் எச்சரிக்கையை அடக்க மட்டும் அவற்றைத் தூவுவது, இருக்கும் பிழையை மூடிவிடும்.

பஃபர் வகை ரேஸைத் திருத்தியிருந்தால், நான்கு வரி எழுத்தையும் படிப்பையும் ஒரு சிறிய லிட்மஸ் சோதனையாக (எந்த வரிசை மாற்றம் சாத்தியம் என்று கேட்கும் சிறு நிரலாக) எழுதி, லினக்ஸ் 4.17 முதல் கெர்னல் மூலத்துடனேயே வரும் நினைவக மாதிரியின் மீது ஹெர்ட் கருவியால் இயக்கிப் பார்க்கலாம். இருவரும் பழைய மதிப்பைக் காணும் முடிவு சாத்தியமா இல்லையா என்பதை அது எல்லா வரிசைகளையும் ஆராய்ந்து சொல்லும். எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தாலும் கிடைக்காத உறுதி அது.

மற்ற வகைகளுக்கு, தாமதச் சுழற்சியை அதே இடத்தில் வைத்தபடியே திருத்தத்தைச் சேர்த்து ஓட்ட வேண்டும். ப்ராசஸ்களின் சிபியு இணைப்பை இடைவிடாது மாற்றுவது, சிபியுக்களை அணைத்து ஏற்றுவது, ஆயிரக்கணக்கில் ஃபோர்க்கும் எக்ஸிட்டும் செய்வது ஆகிய மூன்றையும் ஒன்றாக நடத்தினால் ஷெட்யூலரின் கைமாற்றப் பாதைகள் பெரும்பாலும் சோதிக்கப்பட்டுவிடும். பிறகு திருத்தத்தை மட்டும் நீக்கி, அதே தாமதத்துடன், அதே சுமையுடன் மறுபடி ஓட்டி, பிழை திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்ப வரவில்லையென்றால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. வந்தால், திருத்தத்தைத் திரும்ப வைத்து, தாமதத்தை நீக்கி, உரிமைப் பட்டியலில் மாறிய வரியைக் கமிட் செய்தியில் சேர்த்து, அந்த விதியைக் காக்கும் லாக் சோதனை வரிகளைக் கோடிலேயே விட்டுவைக்க வேண்டும்.